மிளகாய்ச் செடி வாடுகிறது. நோய்க்குப் பெயர் என்ன?

மிளகாய்த் தோட்டத்தில் ஒரு செடி தலை தொங்கினால் நம் ஊர்களில் நடப்பது பெரும்பாலும் ஒன்றுதான். செடியின் நுனியைப் போனில் படம் எடுத்துக்கொண்டு உரக்கடைக்குப் போவோம். கடைக்காரர் படத்தைப் பெரிதாக்கிப் பார்ப்பார். "வாடல் விழுந்திருக்குண்ணே, தூர்ல ஊத்துங்க" என்று ஒரு பொட்டலத்தை எடுத்துக் கொடுப்பார். அதில் இருப்பது பல நேரம் கார்பெண்டசிம் என்ற பூஞ்சாணக்கொல்லி. ஊற்றுவோம். சில தோட்டங்களில் நோய் நிற்கும். சிலவற்றில் அடுத்த வாரமே பக்கத்துச் செடிகளும் சாயும். அப்புறம் மருந்து போலி என்று கடையில் ஒரு சண்டை.

மருந்து போலியாக இருக்க வேண்டிய அவசியமில்லை, நோய்க்கு வைத்த பெயர் தப்பாக இருந்திருக்கலாம். வாடல் என்பது காய்ச்சல் மாதிரி. உடம்பு சுடுகிறது என்று மட்டும் சொன்னால் டெங்குவா டைபாய்டா என்று எந்த வைத்தியராலும் சொல்ல முடியாது. அதுபோல, வாடிய இலை ஒரே ஒரு சேதியைத்தான் சொல்கிறது: வேரிலிருந்து மேலே தண்ணீர் ஏறவில்லை. ஏன் ஏறவில்லை என்பதற்கு மண்ணுக்குள் குறைந்தது ஆறு காரணங்கள் இருக்கலாம். ஃபைட்டோப்தோரா என்ற கிருமி, ஃபியூசேரியம், ஸ்கிளிரோஷியம், மேக்ரோஃபோமினா என்ற மூன்று பூஞ்சாணங்கள், ரால்ஸ்டோனியா என்ற பாக்டீரியா, வேர்முடிச்சு நூற்புழு. ஆறும் இலையில் காட்டுவது ஏறக்குறைய ஒரே முகத்தைத்தான். ஆறுக்கும் வைத்தியம் வேறு வேறு. ஒன்றின் வைத்தியம் இன்னொன்றுக்கு விருந்தாகப் போவதும் உண்டு.

இவற்றில் முதலாவதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். பெயர் மாறிப்போவதால் வரும் நஷ்டம் இதில்தான் அதிகம்.

1918ஆம் ஆண்டின் பிற்பகுதியில், அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில் லாஸ் குரூசஸ் ஊரிலிருந்த வேளாண் ஆய்வுப் பண்ணையில் மிளகாய்ச் செடிகளின் தண்டும் காயும் கருகத் தொடங்கின. அங்கிருந்த லியோனியன் என்ற தாவர நோயியல் அறிஞர் அந்தக் கிருமியைப் பிரித்தெடுத்து, 1922இல் ஃபைட்டோப்தோரா கேப்சிசி என்று பெயரிட்டு எழுதினார். ஃபைட்டோப்தோரா என்றால் கிரேக்க மொழியில் செடியை அழிப்பது. உருளைக்கிழங்கைக் கருக்கிய கிருமிக்கு ஜெர்மன் அறிஞர் டி பாரி 1876இல் வைத்த பெயர் அது.

லாஸ் குரூசஸ் ஒரு பாலைநிலத்து ஊர். ஆண்டு முழுவதும் சேர்த்தாலும் சராசரியாக 25 சென்டிமீட்டர் மழைகூடக் கிடைப்பதில்லை. அப்படிப்பட்ட ஊரில் ஈரத்தில் வாழும் கிருமிக்கு என்ன வேலை? அங்கே மிளகாய் வாய்க்கால் பாசனத்தில் விளைந்தது. சாலில் தண்ணீர் சில மணி நேரம் தேங்கி நின்றாலே இந்தக் கிருமிக்குப் போதும். இதன் வித்துகளில் ஒரு வகைக்கு இரண்டு வால்கள் உண்டு. தண்ணீரில் நீந்திப் போய் வேரைத் தேடிப் பிடிக்கும். ஆகவே வறண்ட மாவட்டம் என்பதால் நமக்கு இது வராது என்று யாரும் நிம்மதியாக இருக்க முடியாது. மாவட்டத்தின் மழை அளவைவிட உங்கள் சாலில் தண்ணீர் எத்தனை நேரம் நிற்கிறது என்பதுதான் இதற்கு முக்கியம்.

பேச்சில் இதையும் பூஞ்சாணம் என்றே சொல்கிறோம். வகைப்பாட்டில் இது பூஞ்சாணமே இல்லை. பழுப்பு நிறக் கடற்பாசிகளுக்கு உறவான கூட்டத்தைச் சேர்ந்தது. உண்மையான பூஞ்சாணத்தின் செல்சுவரில் கைட்டின் என்ற பொருள் இருக்கும். இதன் சுவர் பெரும்பாலும் செல்லுலோஸும் குளுக்கனும். இது ஏதோ பாடப்புத்தக விவரம் என்று தள்ளிவிட முடியாது, ஏனென்றால் மருந்துக் கணக்கு இங்கேதான் மாறுகிறது. கார்பெண்டசிம் உண்மையான பூஞ்சாணங்களின் செல் பிரிவதைத் தடுக்கிற மருந்து. ஃபைட்டோப்தோரா கூட்டத்திடம் அது செல்லாது. மெட்டலாக்சில் என்ற மருந்து நேர்மாறு: ஃபைட்டோப்தோராவையும் பித்தியம் என்ற அதன் உறவுக்காரனையும் கட்டுப்படுத்தும், ஃபியூசேரியத்தை ஒன்றும் செய்யாது.

ஆய்வகங்களில் நடக்கும் ஒரு விஷயத்தைச் சொன்னால் இது இன்னும் நன்றாகப் புரியும். மண்ணிலிருந்து ஃபைட்டோப்தோராவைத் தனியாகப் பிரித்து வளர்க்க ஒரு தந்திரம் உண்டு. வளர்ப்பு ஊடகத்தில் பெனோமில் என்ற பூஞ்சாணக்கொல்லியைக் கொஞ்சம் சேர்ப்பார்கள். மற்ற பூஞ்சாணங்கள் அடங்கிப் போகும், ஃபைட்டோப்தோரா போட்டியில்லாமல் வளரும். பெனோமில் தண்ணீரில் சிதைந்தால் கிடைக்கும் பொருள் என்ன தெரியுமா? கார்பெண்டசிம். ஆய்வகத்தில் கிருமியை வளர்ப்பதற்காகச் சேர்க்கும் பொருளைத்தான், அதைக் கொல்வதாக நினைத்து நாம் தூரில் ஊற்றுகிறோம். போதாததற்கு, போன மாதம் தொழு உரத்தில் கலந்து போட்ட, நல்லது செய்யும் பூஞ்சாணமான டிரைக்கோடெர்மாவும் கார்பெண்டசிம் பட்டால் தாங்காது. காவல்காரனை வெளியே அனுப்பிவிட்டுத் திருடனுக்குக் கதவைத் திறந்துவிட்ட கதைதான்.

சரி, மண்ணுக்குள் இருக்கும் ஆளை எப்படி அடையாளம் காண்பது? செடியைப் பார்ப்பதற்கு முன்னால் தோட்டத்தைப் பாருங்கள். விடியற்காலையில் போவது நல்லது. உச்சி வெயிலில் நல்ல செடிகூடக் கொஞ்சம் தொங்கும். வாடிய செடிகள் சால் ஓடும் திசையிலேயே வரிசையாகப் போகின்றனவா, தண்ணீர் கடைசியாக வந்து தேங்கும் பள்ளத்தில் கூட்டமாக நிற்கின்றனவா? அப்படியானால் முதல் சந்தேகம் ஃபைட்டோப்தோரா. அங்கொன்று இங்கொன்றாக, பச்சை இலையோடு திடீரென்று சாய்ந்தால் பாக்டீரியாவை நினைக்க வேண்டும். அடி இலைகள் மஞ்சளாகி, ஒரு பக்கக் கிளை முதலில் சோர்ந்து, வாரக்கணக்கில் மெதுவாகப் போனால் ஃபியூசேரியம். மணற்பாங்கான செம்மண்ணில் ஒரு திட்டு மட்டும் குட்டையாக நின்று, மத்தியானம் வாடி, மாலையில் தெளிந்து, சாகவும் மாட்டாமல் வளரவும் மாட்டாமல் இழுத்துக்கொண்டிருந்தால் நூற்புழு.

இதெல்லாம் சந்தேகம்தான், சாட்சி இல்லை. சாட்சி வேரில் இருக்கிறது. அதைப் பார்க்கச் செடியைப் பிடுங்கக் கூடாது, தோண்ட வேண்டும். பிடுங்கினால் அழுகிய வேர்கள் மண்ணுக்குள்ளேயே அறுந்து நின்றுவிடும். கையில் வருவது அழுகாத வேர் மட்டும். "வேர் நல்லாத்தான் இருக்கு" என்று பலர் சொல்வது இதனால்தான். முழுக்கச் செத்த செடியும் வேண்டாம். நேற்றோ இன்றோ வாடத் தொடங்கிய, பாதி உயிரோடு இருக்கும் செடியாகப் பார்த்து, ஒரு சாண் தள்ளி மண்வெட்டியை இறக்கி, மண்ணோடு தூக்கி, வாளித் தண்ணீரில் மெல்ல அலச வேண்டும்.

அலசியதும் முதலில் தூர்ப்பகுதி. மண்மட்டத்தில் தண்டைச் சுற்றிக் கரும்பழுப்பு நிறத்தில் ஒரு பட்டை ஓடி மேலே ஏறியிருந்தால், ஆணிவேர் பழுப்பாகிப் பக்கவேர்கள் அநேகமாக இல்லாமல் போயிருந்தால், மீதமுள்ள சிறுவேரை விரலால் இழுக்கும்போது தோல் வழுக்கி வந்து உள்ளே நூல் மட்டும் மிஞ்சினால், ஃபைட்டோப்தோரா என்ற சந்தேகம் வலுக்கிறது. தூரில் வெள்ளைப் பஞ்சு படர்ந்து, அதன்மேல் கடுகு கடுகாக உருண்டைகள், முதலில் வெள்ளையாகவும் பிறகு கடுகின் நிறத்திலேயும், இருந்தால் அது ஸ்கிளிரோஷியம் ரோல்ஃப்சி. இதற்கு ஆய்வகமே தேவையில்லை. வேரில் முண்டு முண்டாக வீக்கம் இருந்தால் நூற்புழு. கடலையில் இருப்பதுபோல் நல்லது செய்யும் முடிச்சு என்று சிலர் விட்டுவிடுவார்கள். மிளகாய்க்கு அப்படிப்பட்ட முடிச்சே கிடையாது. அதில் தெரியும் எந்த முடிச்சும் சந்தேகத்துக்குரியதுதான்.

ஸ்கிளிரோஷியத்தில் எனக்கு ஒரு சொந்த அனுபவம் உண்டு. வீட்டுத் தோட்டத்தில் பத்துப் பதினைந்து மிளகாய்ச் செடிகள் வைத்திருந்தேன். ஈரம் காக்கட்டும் என்று பாதி மக்கிய கடலைத்தோலைத் தூரோடு தூராகக் குவித்து வைத்தேன். செடிகள் ஒவ்வொன்றாகச் சாய, மூன்று வாரம் விதவிதமான மருந்தை ஊற்றினேன். கடைசியில் எரிச்சலில் தோலை ஒதுக்கிப் பார்த்தால் தூரைச் சுற்றி வெள்ளை விசிறி, அதில் கடுகு இறைத்ததுபோல் உருண்டைகள். மக்காத குப்பைதான் அதற்குச் சோறு. நான் தினமும் பரிமாறிக்கொண்டிருந்திருக்கிறேன். முதல் நாளே குனிந்து பார்த்திருந்தால் மூன்று வாரம் மிச்சம்.

தூரில் ஒன்றும் தெளிவாகத் தெரியாவிட்டால் தண்டை நெடுக்காகக் கீற வேண்டும். உள்ளே நீர் ஏறும் குழாய்ப் பகுதி பழுப்புக் கோடாகத் தெரிந்தால் ஆட்டம் ஃபியூசேரியத்துக்கும் பாக்டீரியாவுக்கும் இடையில். இந்த இரண்டையும் பிரிக்க ஒரு கண்ணாடி டம்ளர் போதும். தூருக்கு மேலே உள்ள தண்டில் ஒரு விரல் நீளத்துக்கு வெட்டி, டம்ளரில் தெளிந்த தண்ணீர் ஊற்றி, துண்டின் கீழ்முனை மட்டும் தண்ணீரில் முங்கும்படி ஒரு கம்பியில் குத்தித் தொங்கவிட வேண்டும். ஆட்டக் கூடாது. பாக்டீரியா வாடலாக இருந்தால் சில நிமிடங்களில் வெட்டுவாயிலிருந்து வெள்ளை நூல்போல் பால் இறங்கும். குழாய்க்குள் அடைத்துக்கொண்டிருந்த கோடிக்கணக்கான பாக்டீரியாக்கள்தான் அது. பக்கத்தில் இன்னொரு டம்ளரில் நல்ல செடியின் தண்டையும் தொங்கவிட்டால் வித்தியாசம் பளிச்சென்று தெரியும். ஒரு எச்சரிக்கை: காய்ந்துபோன செடியில் பால் வராது, நோய் தொடங்கும் நிலையிலும் வராமல் போகலாம். வந்தால் நம்பலாம், வரவில்லை என்பதால் பாக்டீரியா இல்லை என்று முடிவுகட்டக் கூடாது.

இந்த பாக்டீரியாவை அமெரிக்கத் தாவர நோயியல் அறிஞர் எர்வின் ஸ்மித் 1896இலேயே விவரித்துவிட்டார். நூற்றாண்டு தாண்டியும், குழாய்க்குள் புகுந்துவிட்ட பாக்டீரியாவைத் துரத்தி அந்தச் செடியைக் காப்பாற்றும் மருந்து விவசாயி கையில் இல்லை. டம்ளரில் பால் இறங்கிவிட்டால் மருந்துச் செலவு வேண்டாம் என்பதுதான் அதன் அர்த்தம். கேரளத்தின் புளிப்பான செம்புரை மண்ணிலும் கனமழையிலும் இந்த வாடல் பெரிய தொல்லை. அங்குள்ள வேளாண் பல்கலைக்கழகம் மருந்து தேடுவதைவிட ரகம் தேடியது. உஜ்வலா, அனுக்ரஹா என்று எதிர்ப்புள்ள மிளகாய் ரகங்கள் அப்படி வந்தவைதான்.

மேக்ரோஃபோமினாவை இதுவரை தள்ளிவைத்ததற்குக் காரணம் உண்டு. மற்ற பல நோய்கள் ஈரத்தைத் தேடும்போது இது சூட்டையும் வறட்சியையும் தேடும். செடி தண்ணீருக்குத் தவிக்கும்போதுதான் வேரில் ஏறும். அடித்தண்டின் பட்டை சாம்பல் நிறமாக உரியும். உரித்தால் உள்ளே கரித்தூளைத் தூவினாற்போல் பொடிப்பொடியாகக் கறுப்புப் புள்ளிகள். இராமநாதபுரம் பக்கத்து மானாவாரி முண்டு மிளகாயை எடுத்துக்கொள்ளுங்கள். 2023இல் புவிசார் குறியீடு பெற்ற அந்த மிளகாய் வடகிழக்குப் பருவமழையை நம்பி விதைக்கப்படுவது. மழைநாளில் பள்ளத்தில் தண்ணீர் நின்று செடி போனால் ஒரு சந்தேகம். தை, மாசியில் மண் ஈரம் இறங்கி வெயில் ஏறும்போது செடி போனால் வேறு சந்தேகம். ஒரே வயல், ஒரே செடி, மூன்று மாத இடைவெளியில் குற்றவாளி மாறிவிடலாம். முதல் ஆளுக்குத் தண்ணீரை வடிக்க வேண்டும். இரண்டாவது ஆளுக்கு, வழியிருந்தால், ஒரு தண்ணீர் கொடுக்க வேண்டும். வாடல் என்ற பொதுப் பெயரோடு நிறுத்திக்கொண்டால் இதில் எதைச் செய்வது?

கிருமியே இல்லாத வாடலும் உண்டு. இரண்டு நாள் தண்ணீர் நின்றால் வேர் மூச்சு முட்டிச் சாகும். யூரியாவைத் தூரை ஒட்டிப் போட்டாலும் வேர் வெந்துபோகும். மூச்சு முட்டலில் பள்ளத்துச் செடிகள் எல்லாம் ஒரே நாளில் சேர்ந்து வாடும், தண்ணீர் வடிந்தபின் புதிதாகப் பரவாது, பிழைத்த செடிகளில் தூரிலிருந்து புதிய வெள்ளை வேர் கிளம்பும். ஆனால் தேங்கிய அதே தண்ணீர் ஃபைட்டோப்தோராவுக்கும் சாலை போட்டுக் கொடுக்கும். அதனால் வடிந்து ஒரு வாரம் கழித்துப் பக்கத்துச் செடிகளும் போகின்றனவா என்று பார்த்துத்தான் பேச வேண்டும்.

கண்ணால் பார்த்து இவ்வளவு தூரம் வரலாம். ஃபைட்டோப்தோராவா, அதன் உறவுக்காரனான பித்தியமா என்று பிரிக்க ஆய்வகம்தான். நாற்றங்காலில் நாற்று மண்மட்டத்தில் நைந்து விழும் நாற்றழுகலுக்குப் பித்தியம் பேர்போனது. வளர்ந்த செடியின் வேரிலும் இருக்கும். ஆய்வகத்தில் செய்யும் ஒரு சோதனை எனக்கு மிகப் பிடிக்கும். சந்தேக மண்ணைக் கிண்ணத்தில் போட்டு, தண்ணீர் விட்டு, அதன்மேல் மிளகாய் இலைத் துண்டுகளை மிதக்க விடுவார்கள். தூண்டிலில் புழு மாட்டுவது மாதிரி. மண்ணிலிருந்து நீந்தி வரும் வித்துகள் இலையில் ஏறி, சில நாளில் நீர்க்கசிவான புள்ளியாகத் தெரியும். அந்தப் புள்ளியை நுண்ணோக்கியில் பார்த்தால், ஃபைட்டோப்தோராவின் வித்துப்பை எலுமிச்சங்காய் வடிவில் இருக்கும், நீந்தும் வித்துகள் பைக்குள்ளேயே உருவாகி வெளியே வரும். பித்தியத்தில் பைக்கு வெளியே ஒரு மெல்லிய குமிழி தோன்றி, அதற்குள் வித்துகள் உருவாகும்.

ஆய்வக அறிக்கையில் ஃபியூசேரியம் என்று வந்தால் மட்டும் நான் கொஞ்சம் யோசிப்பேன். செத்த வேரில் ஃபியூசேரியம் வளர்வது சர்வசாதாரணம். செத்த மாட்டில் ஈ மொய்க்கிறது என்பதற்காக ஈதான் மாட்டைக் கொன்றது என்று சொல்ல மாட்டோம். பிரித்தெடுத்த கிருமியை நல்ல செடியில் ஏற்றி, அதே நோய் வருகிறதா என்று பார்த்து, அந்தச் செடியிலிருந்து அதே கிருமியை மறுபடி பிரித்தெடுத்தால்தான் வழக்கு நிரூபணம். நோய்க்கிருமி ஆய்வின் முன்னோடி ராபர்ட் கோக் காலத்திலிருந்து விதி அதுதான். அதற்கு வாரக்கணக்கில் ஆகும், அதற்குள் மிளகாய் பறிப்பே முடிந்துவிடலாம். பாதி உயிருள்ள செடியை அனுப்பச் சொல்வதும் இதனால்தான். அதில் கொலைகாரன் இருப்பான், இழவுக்கு வந்த கூட்டம் இன்னும் சேர்ந்திருக்காது.

பெயர் தெரிந்து என்ன ஆகப்போகிறது, இந்தப் போகம் போனது போனதுதானே என்று கேட்பவர்கள் உண்டு. கேள்வி நியாயம்தான். ஆனால் பெயர் அதிகம் உதவுவது அடுத்த போகத்துக்குத்தான். ஃபைட்டோப்தோரா இருந்த நிலத்தில் தக்காளி, கத்தரி, பூசணி, தர்பூசணி எதுவும் மாற்றுப்பயிர் ஆகாது. எல்லாம் அதற்குச் சாப்பாடு. அங்கே சோளமோ கம்போ போடலாம், கடலைகூடப் போடலாம். ஸ்கிளிரோஷியம் இருந்த நிலத்தில் கடலை போட்டால் தொலைந்தது. கடலையின் தண்டழுகலும் அதன் கைவரிசைதான். அங்கே ஆழமாகக் கோடை உழவு போட்டு அந்தக் கடுகுகளைக் கீழே புதைக்க வேண்டும். மேக்ரோஃபோமினா இருந்த நிலத்தில் சோளமும் எள்ளும் உளுந்தும் ஆபத்து. பாக்டீரியா இருந்த நிலத்தில் வசதியிருந்தால் ஒரு போகம் நெல் நட்டுத் தண்ணீர் கட்டுவது உதவும். நூற்புழு நிலத்துக்குச் செண்டுமல்லி. பயிர்ச்சுழற்சி செய்யுங்கள் என்று பொதுவாகச் சொல்வது எளிது. எந்தப் பயிருக்குச் சுழல்வது என்பதை நோயின் பெயர்தான் தீர்மானிக்கிறது.

ஃபைட்டோப்தோராவுக்கு எதிராக ரகமும் தேடிக்கொண்டுதான் இருக்கிறார்கள். மெக்சிகோவின் மொரேலோஸ் மாநிலத்து நாட்டு மிளகாய் ஒன்று இதைத் தாங்கி நிற்கிறது; மிளகாயின் மரபணுத் தொகுதியைக் கொரிய ஆய்வாளர்கள் 2014இல் படித்து வெளியிட்டபோது எடுத்துக்கொண்டதும் அதைத்தான். ஆனால் அந்தத் தாங்கும் குணம் ஒரே மரபணுவில் இல்லாமல் பலவற்றில் சிதறிக் கிடப்பதால், சந்தைக்கேற்ற காயோடு அதைச் சேர்ப்பது சுலபமாக இல்லை. எதிர்ப்புள்ள வேர்ச்செடியில் ஒட்டுக்கட்டுவது ஒரு குறுக்குவழி. கொரியாவிலும் தைவானிலும் அது நடைமுறையில் இருக்கிறது. நமக்கு இப்போதைக்குக் கையிலிருக்கும் ஆயுதம் மேட்டுப்பாத்தியும் வடிகாலும் சொட்டுநீரும்தான். சொட்டுக்குழாயையும் தூரை ஒட்டிப் போடாமல் கொஞ்சம் தள்ளிப் போடுவது நல்லது.

மாதிரியை வேளாண் அறிவியல் நிலையத்துக்கோ பல்கலைக்கழகத்தின் பயிர் நோயியல் துறைக்கோ கொண்டுபோகிறவர்கள், வேரைக் கழுவாமல், மண்ணோடு பையில் போட்டு, வெயில் படாமல் அன்றைக்கே சேர்ப்பது நல்லது. கூடவே ஒரு சீட்டில் போன போகம் என்ன பயிர், கடைசியாக எப்போது தண்ணீர் பாய்ந்தது, இதுவரை என்னென்ன ஊற்றினீர்கள் என்று எழுதி வையுங்கள். ஊற்றியதை மறைக்க வேண்டாம். மருந்து பட்ட வேரிலிருந்து கிருமி வளராமல் போனால் அறிக்கை தவறாகிவிடும். இன்னொன்று, இரண்டு மூன்று வரிசை தள்ளி நிற்கும் நல்ல செடி ஒன்றையும் தோண்டித் தனிப் பையில் போடச் சொல்வார்கள், ஒப்பிட்டுப் பார்க்க. பூவும் பிஞ்சுமாக நிற்கிற செடியைத் தோண்ட யாருக்கும் மனசு வராது. பாதிப் பேர் அதை மட்டும் விட்டுவிட்டுத்தான் வருகிறார்கள்.